டொலேடோவுக்கு ஒரு நாள்: திரும்பும் டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்

மாட்ரிட் போகிறவர்கள் ஒரு நாளை டொலேடோவுக்கு ஒதுக்கிவிடுங்கள். ரயிலில் அரை மணி நேரம்தான். தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவே குன்றின்மேல் ஊர். பழைய மசூதி, யூதத் தொழுகைக்கூடம், தேவாலயம் எல்லாமே நடை தூரத்தில் இருக்கின்றன.

1. டிக்கெட்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டொலேடோவுக்கு ஓடும் 'அவான்ட்' என்ற அதிவேக ரயிலில் எல்லாமே முன்பதிவு இருக்கைகள். நின்றுகொண்டாவது வந்துவிடலாம் என்ற பேச்சே கிடையாது. வார இறுதியில் காலையில் போன கூட்டம் முழுக்க மாலையில் ஒன்றாகத் திரும்பும். அதனால் முதலில் திரும்பும் ரயிலைப் பதிவு செய்யுங்கள், அப்புறம் போகும் ரயிலைப் பாருங்கள். இடமே இல்லையா? மாட்ரிட்டின் பிளாசா எலிப்டிகாவுக்கும் டொலேடோவுக்கும் இடையே அடிக்கடி பேருந்து ஓடுகிறது. நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ரயில் கிளம்புவது அதோச்சா நிலையத்தில். அங்கே புறநகர் ரயில்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. நீங்கள் போக வேண்டியது 'புவெர்த்தா தே அதோச்சா' பக்கம். பைகளை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள். அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

2. ஏறுவதற்குப் பேருந்து, இறங்குவதற்குக் கால்

டொலேடோ நிலையம் 1919-இல் திறந்தது. மூரிஷ் (ஸ்பெயினை ஒரு காலத்தில் ஆண்ட முஸ்லிம்களின்) பாணி வளைவுகளும் வண்ணக் கண்ணாடியுமாக அதுவே ஒரு காட்சி. வெளியே வந்ததும் நகரப் பேருந்தில், மேலே ஊருக்குள் இருக்கும் சொக்கொடோவேர் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள். காலையிலேயே மேடேறிக் களைத்தால் மதியத்துக்குமேல் எதையும் ரசிக்க முடியாது.

3. பேராலயம்

1226-இல் தொடங்கி 1493-இல் முடித்த கட்டடம். தலைமைப் பீடத்துக்குப் பின்பக்கம் போக மறக்காதீர்கள். அங்கே 'எல் டிரான்ஸ்பரென்டே' என்ற பீடத்துக்கு வெளிச்சம் விழ வேண்டுமென்று, எதிரே கூரையையே திறந்துவிட்டிருக்கிறார்கள். 1732-இல் முடித்த வேலை. அண்ணாந்து பார்த்தால் சில இடங்களில் சிவப்புத் தொப்பிகள் தொங்கும். கீழே அடக்கம் செய்யப்பட்ட கார்டினல்களுடையவை (கத்தோலிக்க உயர்குருமார்) அவை. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்கு மதியத்துக்குப் பிறகுதான் அனுமதி.

4. சாந்தோ தோமே

ஒரே ஓர் ஓவியத்துக்காக இந்தத் தேவாலயத்தில் வரிசை நிற்கும்: எல் கிரேக்கோ 1586-88 காலத்தில் வரைந்த 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்'. கீழே இடது பக்கம் விரல் நீட்டி நிற்கும் சிறுவனைப் பாருங்கள். ஓவியரின் மகன்தான். அவன் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கைக்குட்டையில் 1578 என்று அவன் பிறந்த ஆண்டு இருக்கிறது. தள்ளுமுள்ளு இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் நகராதீர்கள்.

5. மற்றவை

டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்குவதைவிட 'புல்சேரா' என்ற கைப்பட்டை எனக்குப் பிடிக்கும். சாந்தோ தோமே, வெள்ளைத் தூண்கள் நிறைந்த சாந்தா மரியா லா பிளாங்கா தொழுகைக்கூடம், 999-இல் கட்டிய மசூதியான கிறிஸ்தோ தே லா லூஸ், சான் ஹுவான் மடாலயம் எல்லாம் அதில் அடக்கம். பேராலயத்துக்கும் எல் டிரான்சிட்டோ தொழுகைக்கூடத்துக்கும் தனி டிக்கெட். டிரான்சிட்டோவுக்குத் திங்கள் விடுமுறை. நேரம் இழுத்தால் எதை விட்டாலும் சான் ஹுவானை விடாதீர்கள். அப்போது முஸ்லிம் ஆட்சியிலிருந்த கிரனாடாவில் விடுதலையான கிறிஸ்தவக் கைதிகளின் சங்கிலிகள் இன்றும் அதன் வெளிச்சுவரில் தொங்குகின்றன.

6. திரும்பும் வழி

சொக்கொடோவேரில் மார்சிபான் என்ற பாதாம் இனிப்பு வாங்கிக்கொண்டு, சதுக்கத்தின் வளைவு வழியாகக் கீழே இறங்குங்கள். அல்காந்தரா பாலத்தைக் கடந்தால் நிலையம் பக்கம்தான். சந்துகளில் ஜி.பி.எஸ். தடுமாறும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, பேராலயக் கோபுரத்தைக் குறியாக வைத்து நடப்பதே நல்லது.

பிற்சேர்க்கை: குழந்தை வண்டி கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பிசாக்ரா வாசல் அருகே மேலே ஏற எஸ்கலேட்டர் இருப்பது உண்மைதான். ஆனால் மேலே தெருவெல்லாம் கல் பாவிய சரிவு, வண்டி ஓடாது. குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பையை எடுத்துப் போங்கள்.