சைக்கிளில் சென்றவர் மீதும் தவறு இருந்தால் இழப்பீடு கிடைக்குமா? படிப்படியாக ஒரு விளக்கம்

சைக்கிளில் போனவரைக் கார் இடித்துவிட்டால், கூட்டம் கூடிய சற்று நேரத்தில் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "சைக்கிள்காரர்தான் திடீரென்று திரும்பினார்." அதைக் கேட்டுப் பயந்து, கட்டுப் போட்ட செலவை மட்டும் வாங்கிக்கொண்டு ராஜியாகப் போகிறவர்கள் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. உங்கள் மீதும் தவறு இருந்தால், அதன் விகிதத்துக்கு ஏற்ப இழப்பீடு குறையும், முழுவதும் போய்விடாது. அந்த விகிதத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது முதல் சில நாட்களில் உருவாகும் காகிதங்கள்தான். தமிழ்நாட்டில் மோட்டார் வாகனம் மோதிக் காயமடைந்த சைக்கிள் ஓட்டிகளுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: மருத்துவமனையில் சரியாகச் சொல்லுங்கள்

அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். நீதிமன்ற வட்டாரத்தில் இதன் நகலை 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். அழைத்துவந்தவர் பதற்றத்தில் "சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொன்னால் அதுவே பதிவாகிவிடும். பின்னாளில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கையிலெடுப்பது அந்த வரியைத்தான். வாகனம் மோதவே இல்லை, இவர் தானாக விழுந்தார் என்பார். எனவே மோதிய வாகனம் எது, எந்தப் பக்கமிருந்து வந்தது, இடம், நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பதிவெண் தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத கார் மோதியது" என்றாவது எழுதச் சொல்லுங்கள்.

படி 2: புகாரை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" என்ற வழக்கமான வரி முதல் தகவல் அறிக்கையில் எப்படியும் இருக்கும். அது மட்டும் போதாது. நீங்கள் சாலையின் இடது ஓரமாகப் போனீர்களா, திரும்பும்போது கை காட்டினீர்களா, சைக்கிளின் எந்தப் பகுதியில் இடி விழுந்தது என்பவையும் வேண்டும். சாலையைக் கடந்துகொண்டிருந்தால் அப்படியே சொல்லுங்கள். மறைத்த விஷயம் குறுக்கு விசாரணையில் வெளிவந்தால், சொன்ன உண்மைகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். அறிக்கையின் நகல் இலவசம்.

படி 3: சைக்கிளைப் பழுதுபார்க்காதீர்கள்

பின்சக்கரம் வளைந்திருப்பது பின்னாலிருந்து மோதியதற்கு நல்ல சாட்சி. அந்த நிலையிலேயே படம் எடுத்து வையுங்கள். பக்கத்துக் கடையில் கண்காணிப்பு கேமரா இருந்தால் உடனே கேளுங்கள்; பழைய பதிவுகள் தாமாகவே அழிந்துவிடும்.

விபத்து நடந்த இடத்தைக் காட்டிக் காவல்துறை வரையும் மாதிரி வரைபடத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். விபத்துக்குப் பின் வாகனங்கள் கிடந்த நிலையை மட்டும் வைத்து, வேறு சான்று இல்லாமல், ஒருவர் மீது தவறைச் சுமத்த முடியாது என்று ஜிஜு குருவிளா வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

படி 4: எதிர்த்தரப்பின் வாதங்களைப் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் பலர் தேவையில்லாமல் தலைகுனிகிறார்கள். "ஹெல்மெட் போடவில்லை" என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்கானது, சைக்கிளுக்கு அல்ல. "பின்னால் ஒருவரை ஏற்றியிருந்தார்" என்பார்கள். முகமது சித்திக் வழக்கில் (2020) மோட்டார் சைக்கிளில் மூவர் போனார்கள், கார் பின்னாலிருந்து மோதியது. மூவர் போனது விதிமீறல்தான். ஆனால் அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தால் மட்டுமே இழப்பீட்டைக் குறைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இந்த ஒரு கேள்வியை எல்லா வாதங்களுக்கும் போட்டுப் பாருங்கள். விளக்கு இல்லாத சைக்கிள் நண்பகலில் இடிபட்டால் விளக்குப் பேச்சு வெறும் பேச்சு. இருட்டில், பின்னாலிருந்து இடிபட்டால் அது கனமான வாதம்.

இரண்டு வாகனங்களின் தவறால் நீங்கள் அடிபட்டிருந்தால் கதை வேறு: முழுத்தொகையையும் அவர்களில் ஒருவரிடமே கேட்கலாம்.

படி 5: கணக்குப் போடுங்கள்

மருத்துவச் செலவு, வருமான இழப்பு, ஊனம், வலி எல்லாம் சேர்த்து 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தவறு 25 விழுக்காடு என்றால் 1,50,000 கழியும். கைக்கு வருவது 4,50,000.

தவறு பெரும்பாலும் உங்களுடையது என்றால் 164ஆம் பிரிவைப் பாருங்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தருகிறது. எலும்பு முறிவும் கொடுங்காயம்தான். ஆனால் அதை வாங்கிக்கொண்டால், எதிர்த்தரப்பின் தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்கும் 166ஆம் பிரிவு மனு முடிந்துவிடும். செலவே 5 லட்சம் ஆனவர் அவசரப்பட்டு இதை வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

படி 6: மனு

விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் வசிக்கும் இடத்திலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடலாம். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம் இவற்றை விசாரிக்கிறது. சட்டத்தில் உள்ள கெடு 6 மாதம். கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள்.

தீர்ப்பாயம் போட்ட விழுக்காடு அதிகம் என்று தோன்றினால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். சர்ச்சைக்குரிய தொகை 1 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் மேல்முறையீடு இல்லை. மேலே சொன்ன கணக்கில் 25 விழுக்காட்டை எதிர்த்துப் போகலாம். 10 விழுக்காடு என்றால் கழிவதே 60,000தான், அங்கேயே முடிந்தது.