பூக்கடைக்கு வரும் ‘இருக்கா?’ மெசேஜ்களை வழிபிரித்து அனுப்புவது எப்படி?

மார்கழிப் பனி இறங்கினால் மல்லிகைச் செடியில் மொட்டு குறையும். சித்திரை, வைகாசியில் கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்ற பூ, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ஆயிரக்கணக்கில் போகும். மதுரையில் இது தெரியாத ஆள் இல்லை. அதனால்தான் இந்தத் தட்டுப்பாட்டில் புதிதாகத் தொழில் தேடுவது வீண். உசிலம்பட்டிப் பக்கம் சொந்தத் தோட்டம் இருந்தாலும் வராத மொட்டை வரவழைக்க முடியாது.

நாம் தேட வேண்டியது வேறு தட்டுப்பாடு. ஒருவர் கேட்கிறார், கடையில் “இல்லைம்மா” என்கிறார்கள், பேச்சு முடிந்தது. விற்ற பூ கணக்கில் ஏறும். விற்க முடியாமல் போனது எந்த நோட்டிலும் ஏறாது. வளைகாப்புக்கு ஜடை தைத்துத் தருவீர்களா, விடிகாலை 4 மணிக்கு திருமங்கலம் மண்டபத்துக்கே மாலை வருமா, சென்னை பஸ்ஸில் போட்டுவிட முடியுமா? இந்த மாதிரிக் கேள்விகளைத் தானாகவே பிடித்து வைக்கும் ஏற்பாட்டை என்8என் (n8n) என்ற மென்பொருளில் செய்துவிடலாம். கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: பாட் உருவாக்குவது

வாட்ஸ்அப்பிலும் செய்யலாம், ஆனால் அதற்கு மெட்டாவின் பிசினஸ் கணக்கு, தனி எண் என்று வேலை இழுக்கும். பழகுவதற்கு டெலிகிராம் போதும். டெலிகிராமில் பாட்ஃபாதர் என்று தேடி, புதிய பாட் (மனிதருக்குப் பதில் மென்பொருள் இயக்கும் கணக்கு) கேளுங்கள். பெயர் வைத்ததும் நீளமான டோக்கன் ஒன்று தருவார், அந்தப் பாட்டின் சாவி அதுதான். அதை யாருக்கும் காட்டாதீர்கள்.

இரண்டு பாட் உருவாக்கிக்கொள்ளுங்கள், ஒன்று கடைக்கு, ஒன்று சோதனைக்கு. ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு வெப்ஹூக்தான் (வரும் மெசேஜை அனுப்ப வேண்டிய இணைய முகவரி) டெலிகிராம் அனுமதிக்கும். கடை பாட்டிலேயே சோதித்தால், அந்த நேரத்தில் வரும் நிஜ ஆர்டர் கடையின் வொர்க்ஃப்ளோவுக்கு (என்8என்னில் நாம் அடுக்கி வைக்கும் வேலைத் தொடர்) வராது.

படி 2: மெசேஜை உள்ளே கொண்டுவருவது

என்8என்னில் புதிய வொர்க்ஃப்ளோ திறங்கள். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம் உண்டு, அதுதான் நோடு. மெசேஜ் வந்ததும் வேலையைத் தொடங்கி வைக்கும் டெலிகிராம் டிரிக்கர் நோடைச் சேர்த்து, சோதனை பாட்டின் டோக்கனை ஒட்டுங்கள். சோதனை ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, போனிலிருந்து “பிச்சி இருக்கா, என்ன விலை?” என்று அனுப்புங்கள். திரையில் அந்த மெசேஜ் பல வரிகளாகப் பிரிந்து தெரியும். நமக்கு வேண்டியது அதில் டெக்ஸ்ட் என்ற வரி. சொந்தக் கணினியில் என்8என் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: வெளியிலிருந்து எட்டக்கூடிய எச்டிடிபிஎஸ் முகவரி இல்லாமல் இது வேலை செய்யாது. க்ளவுட் கணக்கில் இந்தச் சிக்கல் இல்லை.

படி 3: சுவிட்ச் நோடு

மொத்த வேலையும் இங்கேதான். சுவிட்ச் நோடில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு வழி உண்டு. டெக்ஸ்ட் வரியை இடப்பக்கத்திலிருந்து இழுத்து விதியில் விட்டு, ‘மேட்சஸ் ரீஜெக்ஸ்’ என்று தேர்ந்தெடுங்கள். நாம் கொடுக்கும் எழுத்துகள் மெசேஜில் எங்காவது இருக்கின்றனவா என்று அது பார்க்கும். நடுவில் செங்குத்துக்கோடு போட்டால் ‘இது அல்லது அது’ என்று பொருள்.

முதல் விதி வாய்ஸ் மெசேஜுக்கு. அதில் டெக்ஸ்ட் இருக்காது. ஆகவே வாய்ஸ் என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, இருக்கா|கிடைக்கு|முடியுமா. ‘கிடைக்கு’ என்று பாதியில் நிறுத்தினால் கிடைக்குமா, கிடைக்குதா இரண்டுமே சிக்கும்.

மூன்றாவது ஆர்டருக்கு, வேணு|வேண்டு. சுருக்கமாக ‘வேண்’ என்று வைத்துவிடாதீர்கள், “பூ வேண்டாம்” என்று சொன்னவரின் மெசேஜும் ஆர்டர் வழியில் போய்விடும். நான்காவது விலைக்கு, விலை|வெலை|ரேட். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களும் நிறைய. அந்த எழுத்துக்கூட்டலையும் கோடு போட்டுச் சேருங்கள். போன் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் என்பதால் இரண்டு வடிவமும் வேண்டும்.

வரிசை முக்கியம். மெசேஜ் முதலில் பொருந்தும் வழியில்தான் போகும், அப்புறம் கீழே பார்க்காது. நம் பிச்சி மெசேஜில் இருக்காவும் இருக்கிறது, விலையும் இருக்கிறது. ‘இருக்கா’ விதி மேலே இருப்பதால்தான் அது நமக்குக் கிடைக்கிறது. பொருந்தும் எல்லா வழிக்கும் அனுப்பச் சொல்லும் ஆப்ஷனும் உண்டு, ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு பதில் போகும். தொடக்கத்தில் தொடாதீர்கள்.

கடைசியாக ஃபால்பேக். எந்த விதியிலும் சிக்காத மெசேஜை சுவிட்ச் சத்தமில்லாமல் விட்டுவிடும், நாமாக மாற்றாத வரை அதுதான் வழக்கம். ஆப்ஷன்ஸில் போய் ஃபால்பேக்கை ‘எக்ஸ்ட்ரா அவுட்புட்’ என்று மாற்றுங்கள். என்னைக் கேட்டால் அந்த வழிதான் மற்றவற்றைவிட மதிப்புள்ளது. நாம் விதி எழுதாத கேள்வி என்றால், அப்படி ஒரு தேவை உண்டு என்றே நமக்குத் தோன்றவில்லை என்று அர்த்தம்.

படி 4: ஒவ்வொரு வழியின் முடிவிலும்

வாய்ஸ், ஆர்டர், விலை மூன்றும் உங்கள் போனுக்கே வரட்டும். மல்லி விலையைப் பாட் சொல்லும்படி வைக்காதீர்கள். காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு வேறு விலை என்று போகும் மார்க்கெட் இது. ‘இருக்கா’, ஃபால்பேக் இரண்டையும் கூகுள் ஷீட்ஸ் நோடுடன் இணைத்து, ‘அப்பெண்ட் ரோ’ கொடுங்கள். தேதி, டெக்ஸ்ட், சாட் ஐடி (கேட்டவர் யார் என்று அடையாளம் காட்டும் எண்) மூன்றும் தானாக ஏறும். நான்காவதாக ‘என்ன பதில் சொன்னோம்’ என்று ஒரு நெடுவரிசை வைத்து, அதைக் கையால் நிரப்புங்கள். இந்த இரண்டு வழியும் உங்கள் போனுக்கும் வர வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் காத்துக் கிடப்பார். எல்லாம் சரியென்றால் கடை பாட்டின் டோக்கனை மாற்றிப் போட்டு, பதிப்பைப் பொறுத்து ‘ஆக்டிவ்’ அல்லது ‘பப்ளிஷ்’ அழுத்துங்கள்.

படி 5: ஷீட்டைப் படிப்பது

‘இல்லை’ என்று பதில் போன வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒரே சாட் ஐடி திரும்பத் திரும்ப வந்தால் அது ஒருவரின் அவசரம், ஊரின் தேவை அல்ல. வேறு வேறு ஆட்கள் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்து பருவம். ‘மல்லி இருக்கா’ என்ற வரிகள் தையில் குவியும், வெயில் காலத்தில் வரத்து கூடியதும் காணாமல் போகும். விலை இறங்கிய மாதத்திலும் “மண்டபத்துக்கே வருமா” என்ற வரி வந்துகொண்டே இருந்தால், ஊரில் பூ இருக்கிறது, கொண்டுபோக ஆள்தான் இல்லை. வெளியூர்க் கேள்விகளையும் தனியாக எடுத்து வையுங்கள். 2013ல் புவிசார் குறியீடு கிடைத்த பூ இது, ‘மதுரை மல்லிதானே’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் வெளியில் இருக்கிறார்கள்.

வேன், ஆள், ஐஸ்பெட்டி என்று உடனே இறங்க வேண்டாம். அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால், அந்த வரிகளில் இருப்பவர்களுக்கு மட்டும் “மண்டபத்துக்கே கொண்டுவந்து தருகிறோம், அட்வான்ஸ் 200 ரூபாய்” என்று அனுப்புங்கள். கேட்டவர்களில் யார் பணம் போடுகிறார்கள் என்பதை ஐந்தாவது நெடுவரிசையில் எழுதுங்கள். யாருமே போடவில்லை என்றால் அந்த வரியை விட்டுவிட்டு ஃபால்பேக்கில் அடுத்ததைப் பாருங்கள்.