காவிரிக் கரையிலிருந்து காரை வரை: பிள்ளைகளோடு பூமியின் வயதைப் பார்க்க ஒரு நாள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஊர் உள்ளவர்கள் விடுமுறைக்கு வரும்போது கோயில், கல்யாணம், உறவுக்காரர் வீடு போக ஒரு நாளைப் பழைய பாறைகளையும் படிமங்களையும் (கல்லாகிப்போன பழைய உயிர்கள்) பார்ப்பதற்கென்று எடுத்து வையுங்கள்.

முதலில் கணக்கு. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை மில்லியனில் சொல்லும், தாத்தா கோடியில் கேட்பார். மில்லியனைப் பத்தால் வகுத்தால் கோடி. 66 மில்லியன் என்றால் 6.6 கோடி. பூமியின் வயது 454 கோடி ஆண்டு. 46 மீட்டர் கயிறு வாங்கி, வாசற்படியிலிருந்து தெரு நெடுக விரியுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆண்டு, வாசற்படிதான் இன்று. 66 சென்டிமீட்டரில் டைனோசர்கள் அழிந்த காலம், 1.45 மீட்டரில் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கம், 5.4 மீட்டரில் கடலில் பலவகை விலங்குகள் பெருகிய கேம்பிரியன் காலத்தின் தொடக்கம், 45.4 மீட்டரில் பூமியின் பிறப்பு. இந்த இடங்களில் வண்ண நூல் கட்டுங்கள். முடிச்சுப் போட்டால் கயிறு குறைந்து அளவு தப்பிவிடும். 1010-இல் முடிந்த பெரிய கோயிலுக்கு இந்தக் கயிற்றில் இடமே இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

வாசலில் மிதிக்கும் வண்டலும் அப்படித்தான், மிக இளையது. டெல்டாவுக்குள் எவ்வளவு சுற்றினாலும் பழைய பாறை கண்ணில் படாது. திருச்சி மலைக்கோட்டைப் பாறை கேம்பிரியனுக்கும் முந்தியது. அந்த இனத்துப் பாறைகள் கிழக்கே போகப் போக மண்ணுக்கடியில் இறங்கிவிடுகின்றன. இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரிந்தபோது இங்கே நிலம் தாழ்ந்தது, பின்பு கடல் உள்ளே வந்தது. அந்தப் பள்ளத்தில் படிந்த அடுக்குகளிலிருந்துதான் நரிமணத்து எண்ணெய் வருகிறது.

டெல்டாவில் ஆழத்தில் கிடக்கும் கிரெட்டேசியஸ் காலக் கடல் அடுக்குகள் கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் தரைக்கு மேலேயே தெரிகின்றன. 1860-களில் நிலவியலாளர் பிளான்போர்டு இவற்றை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்தார். தஞ்சையிலிருந்து திருவையாறு, திருமானூர் வழியாக அரியலூர் போகலாம். படிமங்கள் கிடக்கும் காரை கிராமத்துக்கும் கல்மரம் உள்ள சாத்தனூருக்கும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் கிழக்கே திரும்புவது சுலபம்.

சாத்தனூரில் கிடப்பது சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம், 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டது. இங்கே காடு இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். மரம் கடலுக்கு அடித்து வரப்பட்டு, மண்ணில் புதைந்து, அதன் இழைகளுக்குள் சிலிக்கா ஊறிக் கல்லானது.

காரையில் மரமோ நிழலோ கிடையாது, வெறும் களிமண் ஓடைகள்தான். தரையில் மெல்லிய கண்ணாடித் தகடுகள் மின்னும். பலர் அவற்றைப் படிமம் என்று பொறுக்குகிறார்கள், அது ஜிப்சம் என்ற மென்மையான கனிமம். நகத்தால் கீறினால் கோடு விழும். நீங்கள் தேட வேண்டியது வேறு: துப்பாக்கிக் குண்டு போல ஒரு முனை கூர்ந்து, பழுப்பாக, விரல் நீளத்தில் கிடக்கும் பெலெம்னைட். அது கணவாய் வகை உயிரின் உள்கூடு. இன்னொன்று அம்மோனைட், அற்றுப்போன கடல் உயிரின் ஓடு; நத்தை போலச் சுருண்டிருக்கும், ஆனால் உடைந்த துண்டில் பார்த்தால் உள்ளே அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும். நத்தைக்கு அது கிடையாது.

எதையும் பெட்டியில் போட்டு வராதீர்கள். எந்த அடுக்கில் எந்த அம்மோனைட் என்பதை வைத்துத்தான் அடுக்கின் வயதைக் கணிக்கிறார்கள்; இடம் மாறிய படிமம் அந்தச் சாட்சியை இழந்துவிடும். அளவு தெரிய, பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள், இருப்பிடத்தையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்துத் தெளிய அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் படிம அருங்காட்சியகம் உண்டு.

ஜனவரி, பிப்ரவரிதான் தோதான மாதங்கள். காலை ஏழு மணிக்குள் இறங்கிவிடுங்கள்; ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள ஷூ. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் களிமண் ஊறி உப்பி, சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.