எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், நரம்பிழைகளின் உறை சிதையும் நோய்) நோயாளியின் மூளைத் திசுவை ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் அளப்பது எப்படி

சாதாரண எம்ஆர்ஐ படத்தில் வெள்ளையாகத் தெரியும் புண்ணுக்குள் நரம்பிழைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை, திசுவில் உள்ள வேதிப்பொருள்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியில் அளக்கலாம். அதே மெஷின்தான், கதிர்வீச்சும் இல்லை, ஊசியும் வேண்டாம். இங்குள்ள அளவுகள் 3 டெஸ்லா காந்தபலம் உள்ள மெஷினுக்கு.

முதலில் நகை; காந்தத்துக்குள் உலோகம் போகக்கூடாது. கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும், "எல்லாம் கழற்றிட்டேன்" என்று சொல்லும் நம் ஆட்களின் கணக்கில் தாலிக்கொடியும் இடுப்புத் தாயத்தும் பெரும்பாலும் சேராது. "தாலி, மூக்குத்தி, தாயத்து இருக்காம்மா?" என்று பேர் சொல்லிக் கேளுங்கள். வெறும் கழுத்தோடு இருக்கத் தயங்கினால், மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டி வரச் சொல்லலாம்.

அடுத்து, படத்தில், அளக்க வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு பெட்டி குறித்து வைக்க வேண்டும். வேலையில் பாதி இதுதான். 2 செ.மீ. பக்கமுள்ள பெட்டியின் கொள்ளளவு 8 மி.லி. அதில் 8 மி.மீ. விட்டமுள்ள புண் 3 விழுக்காடுதான் வரும். மீதியெல்லாம் பக்கத்துத் திசு. ஆகவே சின்னப் புண்ணைத் துரத்தாதீர்கள். பெரிய புண் ஒன்றிலும், படத்தில் புண்ணில்லாமல் நலமாகத் தெரியும் வெண்பொருளிலும் (நரம்பிழைகள் நிறைந்த மூளைப் பகுதி) தனித்தனியாக அளப்பதே பயன் தரும், எம்.எஸ்.ஸில் அந்த 'நல்ல' வெண்பொருளிலும் என்.ஏ.ஏ. (நரம்பணுக்களில் உள்ள வேதிப்பொருள்) குறைவதுண்டு. மண்டையோட்டை ஒட்டிப் பெட்டி வைத்தால் தோல்கொழுப்பு 0.9 முதல் 1.3 பிபிஎம் வரை (அளந்து வரும் வரைபடத்தில் ஒவ்வொரு பொருளின் இடத்தையும் சொல்லும் அலகு) மேடு கட்டி, 1.33-இல் வரும் லாக்டேட்டை மூடிவிடும்.

பெட்டிக்குள்ளிருந்து மட்டும் சிக்னல் எடுக்கும் பிரஸ் முறை, டிஇ (சிக்னலைப் பிடிக்கக் காத்திருக்கும் நேரம்) 30 மில்லிவினாடி, டிஆர் (ஒரு அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி) 2000 மில்லிவினாடி, 128 முறை: 4 நிமிடம் 16 வினாடி. டிஇ 144-க்குப் போனால் வரைபடத்தின் அடித்தளம் சுத்தமாக இருக்கும், மயோ-இனோசிட்டால் (கிளியா எனும் துணைச் செல்களில் உள்ள பொருள்) கைவிட்டுப் போகும். ஷிம் செய்தபின் (காந்தப்புலத்தைச் சீராக்கியபின்) நீரின் கோட்டகலம், அதாவது அதன் மேட்டின் அகலம், 12 ஹெர்ட்ஸைத் தாண்டினால் பெட்டியை நகர்த்தி மறுபடி செய்யுங்கள்; அப்படியே ஓட்டினால் 3.03-இல் உள்ள கிரியாட்டினும் 3.2-இல் உள்ள கோலினும் ஒட்டிக்கொள்ளும். நீரின் சிக்னலை அடக்காத அளவீடு ஒன்றையும் மறக்காமல் எடுங்கள். மற்ற படங்களுக்காகக் கடோலினியம் (ஊசியில் ஏற்றும் மாறுபாட்டு மருந்து) போடுவதாக இருந்தால் எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

2.02-இல் என்.ஏ.ஏ. குறைந்தால் நரம்பிழைக்குச் சேதம். கோலின் ஏறினால் மயலின் உறை சிதையும் புதுப் புண், 3.56-இல் மயோ-இனோசிட்டால் ஏறினால் கிளியாத் தழும்பு. நம் வட்டாரத்தில் எம்.எஸ். என்று வருபவர்களில் சிலருக்கு இருப்பது என்.எம்.ஓ. (நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா) என்ற வேறு நோய்; அது ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா செல்லையே தாக்குவதால் மயோ-இனோசிட்டால் இறங்கக்கூடும். ஆனாலும் அதை முடிவு செய்வது ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனைதான்.

பலர் சறுக்குவது, கிரியாட்டின் மாறாது என்று நம்பி மற்ற எண்களை அதனால் வகுக்கும் இடத்தில். எம்.எஸ். புண்ணில் கிரியாட்டினே மாறும். வகுக்கும் எண் ஆடினால் விகிதத்துக்கு என்ன மதிப்பு? முன்பு எடுத்த நீர் அளவீட்டை வைத்துக் கணக்கிடுங்கள். பெட்டிக்குள் 20 விழுக்காடு மூளைத் தண்டுவட நீர் இருந்தால், அந்தப் பங்கைக் கழிக்க, வந்த எண்ணை 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 8 என்பது 10 ஆகும். மென்பொருள் காட்டும் பிழை மதிப்பு 20 விழுக்காட்டுக்கு மேல் வந்த எண்ணை நம்ப வேண்டாம்.

புதுப் புண்ணில் விழுந்த என்.ஏ.ஏ. சில மாதங்களில் ஓரளவு மீள்வதுண்டு. அதனால் ஒரே ஸ்கேனை வைத்து 'இழை செத்தது' என்று எழுதாமல், பெட்டி வைத்த இடத்தை மூன்று தளங்களிலும் படமாகச் சேமித்து, அதே மெஷினில் அதே டிஇ-யில் மறுபடி அளந்து பாருங்கள்.