யேனாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

விவோ ஃபோனின் கேமராவுக்குப் பக்கத்தில் ஜைஸ் என்ற நீலச் சின்னம் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் கிளம்பிய ஊர் ஜெர்மனியின் யேனா. 1846இல் கார்ல் ஜைஸ் இங்கேதான் தன் பட்டறையைத் திறந்தார். வைமர் போகிறவர்கள், ரயிலில் கால் மணி நேரம்தானே என்று இங்கே இரண்டு மணி நேரம் தலைகாட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது போதவே போதாது.

திங்கட்கிழமை வேண்டாம், பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். வண்டியும் வேண்டாம், நடந்தே பார்க்கலாம்.

முதலில் சந்தைச் சதுக்கம். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே நகரமன்றக் கோபுரக் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றுவிடுங்கள். ஒரு பொம்மைத் தலை வாயைத் திறந்து எதிரே நீளும் தங்க உருண்டையைக் கவ்வப் பார்க்கும், அது கிடைக்கவே கிடைக்காது. ஷ்னாப்ஹான்ஸ் என்பார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பல்கலைக்கழகம். 1558இல் தொடங்கியது, மார்க்ஸ் 1841இல், இங்கே வந்து படிக்காமலேயே, ஆய்வேட்டை அனுப்பி முனைவர் பட்டம் வாங்கியதும் இங்கேதான். முதன்மைக் கட்டடத்துக்கு அருகே ஒரு கல்லில் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபேயின் சூத்திரம் பொறித்திருக்கிறது. எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் ஒளி நுண்ணோக்கியில், ஏறக்குறைய ஒளியின் அலைநீளத்தில் பாதியைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது என்று 1873இல் அவர் சொன்னது. அறிவியல் படித்தவர்கள் இந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்காமல் வராதீர்கள்.

எனக்கு அபேயைப் பிடிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. அவருடைய அப்பா நூற்பாலைத் தொழிலாளி, ஒரு நாளைக்கு 14, 16 மணி நேர வேலை. மகன் கொண்டுபோகும் மதியச் சாப்பாட்டை இயந்திரத்தில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைத் திருப்பித் தருவாராம். அந்த மகன் ஜைஸ் நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்த பிறகு, 1900இல் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தார்! கார்ல் ஜைஸ் சதுக்கத்தில் அவருக்கு எண்கோண வடிவில் நினைவு மண்டபம் இருக்கிறது, அங்கே கொஞ்சம் உட்காருங்கள்.

தாவரவியல் பூங்காவை ஒட்டியே கோளரங்கம். 1926இல் திறந்தது, இன்றும் நடக்கிறது. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான், ஆனால் தலைக்கு மேல் நட்சத்திரங்கள் விரியும்போது மொழி ஒரு தடையாக இருக்காது.

பிற்பகலில் ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் தோட்ட வீடு. அவரும் இன்னொரு பெருங்கவிஞரான கோதேயும் உட்கார்ந்து பேசிய நீள்வட்டக் கல்மேசை இன்னும் தோட்டத்திலேயே இருக்கிறது. வழியில் பசித்தால் கரியில் சுட்ட துரிங்கியா சாசேஜ், பன்னில் வைத்துக் கடுகு தடவித் தருவார்கள். சைவர்களுக்கு வாக்னர்காசே தெருவில் கஃபேக்கள் நிறைய.

யென்டவர் என்ற உயர்ந்த கோபுரக் கட்டடத்தின் பார்வை மாடத்தைப் பொழுது சாயும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 128 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், காலையிலிருந்து நடந்த தெருக்களும் ஸாலே ஆற்றின் பள்ளத்தாக்கும் சுற்றியுள்ள குன்றுகளும் ஒரே பார்வையில் தெரியும்.