வலிக்கு ஹோமியோபதி சொட்டு: புட்டியில் உள்ள நம்பரைப் பாருங்கள்

என் அம்மாவுக்கு மூட்டுவலி. மருந்துச் சீட்டு இல்லாமலே ஹோமியோபதி சொட்டு மருந்து வாங்கி வந்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படித்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சொட்டுகள் வலியைக் குறைக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏராளமான ஆய்வுகளை அலசி, 2015-இல் எந்த நோய்க்கும் அப்படி ஆதாரம் இல்லை என்றே சொன்னது. அதையும் மீறிப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கெடுதல் வரக்கூடாது என்பதுதான் என் கவலை.

லேபிளில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண்தான் முக்கியம். 30 சி என்றால், மூலப்பொருளை நூறில் ஒரு பங்காக நீர்ப்பதை முப்பது முறை செய்தது. 12 சி-யைத் தாண்டினாலே மூலப்பொருள் மிஞ்சுவது அரிது. 1 எக்ஸ், 2 எக்ஸ் (பத்தில் ஒரு பங்காக ஓரிரு முறை மட்டும் நீர்த்தவை), மதர் டிங்சர் (நீர்க்காத மூலச்சாறு) போன்றவை அப்படியல்ல, அவற்றில் மூலப்பொருள் உண்மையாகவே இருக்கும். எண் ஏற ஏற வீரியம் கூடும் என்று ஹோமியோபதியில் சொல்வதைக் கேட்டு, சின்ன எண் மென்மையானது என்று அம்மா நம்பியிருந்தார். நச்சைப் பொறுத்தவரை அது தலைகீழ். பெல்லடோனா, அகோனைட் இரண்டும் விஷச்செடிகள். சின்ன எண்ணில் இவை இருந்தால் தொடவே வேண்டாம். ஆர்னிகா என்ற செடியின் மதர் டிங்சரைக் குடிக்கக் கூடாது, வெட்டுக்காயத்திலும் தடவக் கூடாது.

அப்புறம் ஆல்கஹால். பெரும்பாலான சொட்டுகள் அதில்தான் கரைந்திருக்கும். கர்ப்பிணிகள், கல்லீரல் நோயுள்ளவர்கள், மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி அல்லது குடியை நிறுத்தும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பல் முளைக்கும்போது கொடுக்கும் சில ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா அளவு ஏறுக்குமாறாக, சிலவற்றில் லேபிளில் சொன்னதைவிட மிக அதிகமாக இருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் கண்டறிந்தது.

ஓர் இரவு அம்மா தலையைச் சாய்த்து, இமையை விரலால் விலக்கிப் பிடித்திருந்தார். கையில் இருந்தது மூட்டுவலிச் சொட்டு! கண் மருந்துப் புட்டியும் அதே உயரம், அதே வெள்ளை மூடி. அன்றே சொட்டுப் புட்டிக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு, வேறு அலமாரிக்கு மாற்றினேன். உங்கள் வீட்டிலும் இன்றே செய்யுங்கள்.

நெஞ்சுவலி, திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, காய்ச்சலோடு வயிற்றுவலி, கால் மரத்துப்போகும் முதுகுவலி, இவற்றுக்குச் சொட்டு போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். சாதாரண வலி என்றாலும் சில நாளில் அடங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைச் சொட்டை நம்பி நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். பெயரும் எண்ணும் வாய்க்கு வராது, லேபிளைக் காட்டினால் போதும்.