பைக்கில் கூலன்ட் பார்ப்பதும் மாற்றுவதும்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

ஸ்பிளெண்டர், கிளாசிக் 350 போன்ற வண்டிகளுக்கு இந்த வேலையே கிடையாது. ஆர்15, எம்டி-15, என்எஸ்200, டியூக், டாமினர், ஹிமாலயன் 450 என்று முன்சக்கரத்துக்குப் பின்னால் ரேடியேட்டர் உள்ள வண்டிகளுக்குத்தான் கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்க உள்ளே சுற்றும் திரவம். அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி-யில் முன்னால் தெரிவது ஆயில் கூலர்; அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நம் பக்கத்தில் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்: ரேடியேட்டருக்குள் போர் தண்ணீர் போகவே கூடாது. கடலை ஒட்டிய தெருக்களில் குழாய் வாயிலும் வாளியிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு சூடான இன்ஜினுக்குள் இன்னும் வேகமாகப் படியும். ரேடியேட்டர் டியூப்கள் மிகவும் குறுகல், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். உப்பில் உள்ள குளோரைடு அலுமினியத்தை அரித்து, கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் வரைக்கும் வேலை வைத்துவிடும். கேனில் வரும் ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் அல்லது உப்பு நீக்கிய டிஎம் வாட்டர்தான் சரி. பேட்டரி கடையில் பேட்டரி வாட்டர் என்று கேட்டாலே கிடைக்கும். பேட்டரி ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கூலன்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் கலவை. நமக்குப் பனியில் உறையும் கவலை இல்லை. ஆனால் அது கொதிநிலையை உயர்த்துகிறது, துரு பிடிக்காமல் காக்கிறது, பம்ப் சீலுக்கும் நல்லது. அதனால் ‘ஊர் வெயிலுக்கு வெறும் தண்ணீர் போதும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரெடிமிக்ஸ் பாட்டில் என்றால் அப்படியே ஊற்றலாம், தண்ணீர் சேர்க்கக் கூடாது. கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஎம் வாட்டர் கலக்க வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறம் வெறும் சாயம்தான். நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலக்காதீர்கள். வண்டியின் மேனுவலில் சொன்ன வகையை வாங்குங்கள். மாற்ற வேண்டிய காலமும் அதிலேயே இருக்கும், பல வண்டிகளுக்கு 2 அல்லது 3 ஆண்டு.

மட்டம் பார்க்க இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பது உத்தமம். சைட் ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் மட்டம் பொய் சொல்லும், ஒருவரை நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். கூலன்ட் ரிசர்வ் டேங்கில் டார்ச் அடித்து வண்டியை லேசாக ஆட்டினால், உள்ளே கோடு அசைவது தெரியும். அது லோ, ஃபுல் குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். ரிசர்வ் டேங்க் சரியாக இருந்தும் ரேடியேட்டர் குறைவாக இருக்கலாம். மூடியின் ரப்பர் அல்லது அங்கிருந்து வரும் சின்ன டியூப் கெட்டுப்போனால், சூட்டில் வெளியேறிய கூலன்ட் ஆறியபின் திரும்ப உறிஞ்சப்படாது. ஆகவே ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அதில் கையே வைக்காதீர்கள். மூடியின் தலையில் 1.1 போல ஓர் எண் இருக்கும். அத்தனை பார் அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் காய்ந்த திரவம் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

அடிக்கடி குறைகிறது என்றால் ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஹோஸ் முனைகளில் பொருக்கு கட்டியிருக்கிறதா பாருங்கள். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்தால் கூலன்ட் ஆயிலில் கலந்து இன்ஜினையே கெடுக்கும். ஆயில் பால் கலந்த டீ போல மாறியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

இனி மாற்றும் வேலை. பழைய கூலன்ட்டை வடிக்கும் டிரெயின் போல்ட் பெரும்பாலும் வாட்டர் பம்ப் கவரின் அடியில் இருக்கும், 8 அல்லது 10-ம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் போதும். கவரைப் பிடித்திருக்கும் மற்ற போல்ட்டுகளைத் தொடாதீர்கள். காப்பர் வாஷர் புதிதாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அகலமான பேசினைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: போல்ட்டைக் கழற்றும்போது சொட்டும் திரவம், மேலே மூடியைத் திறந்ததும் வளைந்து பாயும். ரிசர்வ் டேங்கையும் கழற்றி அலசுங்கள், அடியில் சேறு தங்கியிருக்கும்.

வெளிவந்தது தெளிவாக இருந்தால் டிஎம் வாட்டரால் ஒருமுறை அலசினால் போதும். துரு நிறமாகவோ கலங்கலாகவோ இருந்தால் போல்ட்டை மாட்டி, டிஎம் வாட்டர் நிரப்பி, சில நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு வடியுங்கள். தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். கடைசியில் வண்டியை இரு பக்கமும் சாய்த்து நன்றாக வடித்துவிட வேண்டும். உள்ளே தங்கும் தண்ணீர் புதுக் கூலன்ட்டை நீர்க்கச் செய்துவிடும். போல்ட்டை இறுக்கும்போது வேகம் காட்டாதீர்கள். அலுமினிய மரை, சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும்.

பலர் கோட்டை விடுவது காற்றை வெளியேற்றுவதில்தான். புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். மட்டம் ஏறி நின்றதும் வண்டியை இடமும் வலமும் சாய்த்து, ஹோஸ்களைக் கையால் அமுக்குங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். சில கேடிஎம் வண்டிகளில் இதற்கென்றே தனி ஸ்க்ரூ உண்டு, அதில் குமிழியில்லாமல் கூலன்ட் வரும்போது மூட வேண்டும். பிறகு மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, ஐடிலில் சில நிமிடம் விட்டு, ஆக்சிலேட்டரை லேசாக இரண்டு மூன்று முறை திருகுங்கள். குமிழி நின்றதும் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். ரிசர்வ் டேங்கை ஃபுல் குறிவரை மட்டும் நிரப்புங்கள். ஃபேன் சுற்றும்வரை ஓடவிட்டு அணைத்து, மறுநாள் காலை மட்டத்தை மீண்டும் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். வடித்த அளவை விட மிகக் குறைவாகத்தான் ஊற்ற முடிந்தது என்றால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

பழைய கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். வாசலில் விட்டால் தெரு நாயும் மாடும் நக்கிவிடும். சாக்கடையில் கொட்டாமல் பாட்டிலில் அடைத்து, பழைய ஆயில் வாங்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள்.

மழைவெள்ளத்தில் ஓட்டிய வண்டியில் ரேடியேட்டர் இதழ்களுக்குள் சேறு காய்ந்திருக்கும். பின்பக்கமிருந்து வேகமில்லாத தண்ணீரால் கழுவுங்கள், பிரஷர் கன் இதழ்களை மடக்கிவிடும். நேரு வீதி நெரிசலில் மட்டும் சூடாகி, ஈசிஆரில் சரியாகிவிட்டால் ஃபேனையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள். ஓடும்போதே சூடானால் கூலன்ட் குறைவு, அடைப்பு, சூட்டுக்கேற்ப கூலன்ட் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும். வழியில் வார்னிங் லைட் எரிந்தால் நிழலில் நிறுத்தி, ரேடியேட்டரைத் தொடும் அளவுக்கு ஆறவிட்டு, வேறு வழியில்லை என்றால் குடிக்கும் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம். அதே வாரத்தில் அதை வடித்து, அலசி, கூலன்ட் மாற்றிவிடுங்கள்.